ஆறாம் பதிப்பும் அதீபின் ஆட்டமும்

ஜூன் 2, திங்கள்

நான் அன்றைக்கே சொன்னேன். சொன்னது மட்டுமா, எழுதியும் வைத்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால், இந்த வீட்டுச் சர்வர் மென்பொருளைச் செய்கிறவர்களின் இணையப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "முகம் வேண்டும்" என்று போட்டேன். ஒருத்தரும் பதில் எழுதவில்லை. பெரிய ஆட்கள் பதில் எழுத மாட்டார்கள், குறித்துக்கொள்வார்கள். இதோ இன்று காலை ஆறாம் பதிப்பு வெளியாகிவிட்டது. முதல் விசேஷமே என்ன? முகம்! திரையில் ஒரு ஆளின் முகத்தைத் தொட்டால், அவர் இருக்கிற படம், வீடியோ எல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்குமாம்.

நஜாஹிடம் சொன்னேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை நம்பாத மனைவி. "உங்க முகத்தைத் தொட்டா என்ன வரும்? கரன்ட் வருமா?" என்று கேட்டுவிட்டுப் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள்.

பரவாயில்லை. எங்கள் மீனா துறைமுகப் பேட்டையில், ஏன், திரிப்போலி நகரம் முழுக்கத் தேடினாலும், இப்படி ஒரு பெட்டி டி.வி.க்குக் கீழே ஓடுகிற வீடு இன்னொன்று இருக்காது. வங்கிக்காரர்கள் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர். நான் அதற்கு உயிர் கொடுத்தேன். இந்தக் கட்டடத்தில் நாலு மாடிக் குடும்பங்களின் படமும் இதற்குள்ளேதான். "என்கிட்ட இருக்கும்போது போன்ல எதுக்கு இன்னொண்ணு? போன் மூச்சு முட்டுது பாருங்க" என்று சொல்லி, ஒவ்வொருவர் போனையும் நானே வாங்கி, படங்களைப் பெட்டியில் ஏற்றி, போனைத் துடைத்துக் காலி செய்து கொடுத்தேன். "உள்ளே ரெண்டு டிஸ்க். ஒண்ணு செத்தா இன்னொண்ணு. பூமி பிளந்தாலும் உங்க படம் போகாது."

ஒருவன் மட்டும் தரவில்லை. கீழே ஜெனரேட்டர் வைத்துத் தெருவுக்கே கரன்ட் விற்கிற ஃபவ்ஸி. "என் போனுக்கு மூச்சு முட்டலைண்ணே. முட்டினா சொல்லி அனுப்பறேன்" என்றான். படிக்காதவன். நானாவது எட்டாவது வரை போனேன்.

ஜூன் 4

ஸல்வா வந்தாள். என் தங்கை, மூன்றாவது மாடி. கூடவே மகள் லமீஸ். கல்யாணம் இருபத்தெட்டாம் தேதி. மண்டபத்துக்குள் நுழையும்போது பெரிய திரையில் அப்பாவின் ஆட்டம் ஓட வேண்டும் என்கிறாள் லமீஸ்.

அதீப் போய் நாலு வருஷம் ஆகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. அதற்கு முந்தைய கோடையில், லமீஸ் பள்ளி முடித்த விருந்தில், மொட்டை மாடியில் தப்கே ஆடினான். கை கோத்த வரிசைக்கு அவன்தான் தலை. ஆடி முடித்து, மூச்சு வாங்க, போனைப் பார்த்துச் சொன்னான்: "லமீஸ், உன் கல்யாணத்துல இதைவிட நல்லா ஆடுவேன். எனக்கு இடத்தை மட்டும் காலியா வை."

எல்லோரிடமும் இருந்த வீடியோதான். எல்லோர் போனிலிருந்தும் நான்தான் துடைத்தேன். இப்போது பெட்டியில் மட்டும் இருக்கிறது.

"ஒரு வீடியோ என்னம்மா, புதுப் பதிப்புல உங்கப்பா முகத்தைத் தொட்டா, யாரோட படத்துலயோ ஓரமா நின்ன அதீப்கூட எழுந்து வருவான். அத்தனையும் கோத்து உனக்குப் படமாக்கித் தர்றேன்" என்றேன்.

லமீஸ் என் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "உங்களை நம்பித்தான் மாமா இருக்கேன்."

ஜூன் 7

புதுப் பதிப்போடு ஒரு நீண்ட அறிவிப்பு வந்திருக்கிறது. முதலில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துக்கொள், ஏறியபின் இறங்க முடியாது, மாற்றம் நடக்கும்போது கரன்ட் போகக்கூடாது. இதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு எழுதுவது. கீழே இருந்த "படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" மட்டும் எனக்கு.

ஜூன் 9, காலை

தொடங்கிவிட்டேன். வழக்கம்போல அரசாங்கக் கரன்ட் கிடையாது. ஃபவ்ஸியின் ஐந்து ஆம்பியரில் ஓடுகிறது. இஸ்திரி போட்டால் ஃப்ரிட்ஜ் நோன்பு இருக்க வேண்டிய ஐந்து ஆம்பியர். பெட்டியின் பேட்டரியை ஒரு கால்பந்துப் பந்தயம் பார்ப்பதற்காக டி.வி.க்கு மாற்றியிருந்தேன், அப்படியே கிடக்கிறது. இப்போது எதற்கு? இன்று ஜெனரேட்டர் சிங்கம் போல ஓடுகிறது.

நாற்பது சதவீதம் முடிந்தது. நஜாஹ் மூன்றாவது மாடிக்கு, ஸல்வாவுக்கு உதவியாகப் போயிருக்கிறாள். வாஷிங் மெஷின் அதுபாட்டுக்குச் சுற்றுகிறது. ஹூக்காவுக்குத் தண்ணீர் மாற்றியாயிற்று. இப்படி ஒரு நாளை ஆப்பிள் புகையிலை இல்லாமல் கொண்டாடக் கூடாது.

அதே நாள், மாலை

ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

எழுபத்தொன்று சதவீதத்தில். பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், கரும்புகை, தெரு முழுக்க அணைந்தது. மீன் சந்தை வரைக்கும் இருட்டு. பகலில் இருட்டு எப்படி என்று கேட்டால், புகை அப்படி. ஃபவ்ஸி கஞ்சன், பழைய எண்ணெயே ஊற்றுகிறான் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

கரன்ட் திரும்பியதும் பெட்டி எழுந்தது. ஆறாம் பதிப்பு, புது நிறம், அழகான முகப்பு. படங்கள்: 0. முகங்கள்: 0.

ஜூன் 10

இன்றும் பூஜ்யம்தான். நாலு தடவை அணைத்துப் போட்டேன். நஜாஹ், "பெட்டியை ஏன் தடவிக்கிட்டே இருக்கீங்க, ஜுரமா அதுக்கு?" என்றாள்.

ஜூன் 11

இணையப் பக்கத்தில் என் நிலையை எழுதினேன். நாலு வருஷமாகப் பதில் எழுதாதவர்கள் காபி ஆறுவதற்குள் எழுதினார்கள். நல்லவர்கள். "வருத்தமாக இருக்கிறது நண்பரே. உங்களுடைய இன்னொரு பிரதி எங்கே?"

பக்கத்தை மூடிவிட்டேன்.

இரண்டாவது டிஸ்க் இருக்கிறதே. இருக்கிறது. போன குளிர்காலத்தில் நஜாஹ் துருக்கி நாடகம் கேட்டாள் என்று அதிலிருந்ததை அழித்து இடம் பண்ணினேன். கல்யாணத்துக்குள் திரும்பவும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடலாம் என்று...

நஜாஹ் நாடகம் எதுவும் கேட்கவில்லை. அதில் முழுக்கக் கால்பந்துப் பந்தயங்கள். எனக்கு முடிவு தெரிந்த பந்தயங்கள்.

ஜூன் 13, வெள்ளி

லமீஸ் வந்தாள். "முகத்தைத் தொட்டுக் காட்டுங்க மாமா." மண்டபத்தில் திரை கட்டுகிறவன் நாளைக்கே வேண்டும் என்கிறானாம். பின்னால் ஸல்வா, தட்டில் இனிப்புடன்.

என் வாயிலிருந்து வந்தது: "ஃபவ்ஸி கெடுத்துட்டான்."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். இந்த ஊரில் கொலைகாரனுக்குக்கூடச் சாட்சி கேட்பார்கள், ஜெனரேட்டர்காரனுக்குக் கேட்க மாட்டார்கள். அடிக்கடி நிற்கிற மிஷின், எந்த நாள் என்று யார் கணக்கு வைத்தார்கள்? "நின்னுடுச்சா? வேலை நடக்கறப்பவா? எல்லாமே போச்சா?" ஸல்வா தட்டை வைத்துவிட்டு நேரே பால்கனிக்குப் போனாள்.

"ஃபவ்ஸி! என் புருஷனோட ஞாயித்துக்கிழமை தவறாம மீன் பிடிக்கப் போனியே, எங்க வீட்டு உப்பும் ரொட்டியும் தின்னியே! அவனை ரெண்டாம் தடவை சாகடிச்சுட்டியேடா!"

கீழே ஃபவ்ஸி எண்ணெய்க் கையுடன் நிமிர்ந்து பார்த்தான். "நான் என்ன பண்ணினேன் அக்கா?"

"உன் மிஷின்கிட்ட கேளு! கல்யாணப் பக்கம் தலையைக் காட்டிடாதே, ஆமா!"

அவன் ஸல்வாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது பிளாஸ்டிக் செடி.

லமீஸ் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ரெண்டு டிஸ்க்னு சொன்னீங்களே மாமா" என்றாள்.

"ரெண்டுமே போச்சும்மா. அப்படி ஒரு அதிர்ச்சி கரன்ட்ல."

ஜூன் 14

நஜாஹ் தட்டு கழுவிக்கொண்டே: "திங்கட்கிழமை ஜெனரேட்டர் நின்னுச்சா? நான் அப்ப ஸல்வா வீட்டுல ஃபேனுக்குக் கீழதானே உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட்லதானே இறங்கி வந்தேன்."

அது வேறு லைன் என்றேன். ஃபவ்ஸி இரண்டு லைன் இழுத்திருக்கிறான், மேல் மாடிகளுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று பலகையில் கோடு போட்டு விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன், எனக்கே நம்பிக்கை வந்தது.

"ஓஹோ" என்றாள். அவளுடைய ஓஹோ எனக்குத் தெரியும்.

ஜூன் 16

கட்டடமே பேசுகிறது. எல்லா வீட்டுப் படமும் போனதால் எல்லா வீட்டுக்கும் துக்கம். முதல் மாடிக்காரர் தெருவில் ஃபவ்ஸியின் சலாமுக்குப் பதில் சொல்லவில்லையாம். என்னைப் பார்த்தால் மட்டும் தோளில் தட்டுகிறார்கள். "பாவம் முன்ஸிர், எத்தனை வருஷ உழைப்பு." ரொட்டிக் கடையில் எனக்கு வரிசையில் வழி விட்டார்கள்.

வழி விட்டார்கள், நானும் போனேன். போய் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 17

ஹூக்கா பிடிக்கவில்லை. காரணம் ஒன்றுமில்லை.

ஜூன் 19

நஜாஹ் சந்தைக்குப் போயிருந்தபோது ஃபவ்ஸி வந்தான். கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தான், நகத்தில் மட்டும் கறுப்பு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரமே நின்றான்.

"ஸல்வா அக்கா என்மேல கோபமா இருக்காங்க. நான் நேரா போனா அடிப்பாங்க. நீங்க கொண்டுபோய்க் கொடுங்கண்ணே."

போனை நீட்டினான். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். அதற்குள் அதீப். மொட்டை மாடி. வரிசை. அதே ஆட்டம்.

"அன்னைக்கே எனக்கு அனுப்பினான். 'பார்றா ஃபவ்ஸி, உன்னால இப்படிக் கால் தூக்க முடியுமா'ன்னு எழுதி. பதிலுக்குத் திட்டி அனுப்பினேன். அதனால அழிக்கலை." கொஞ்சம் சிரித்தான். "படம் கொஞ்சம் மங்கல்தான். குரல் நல்லா இருக்கு."

முடியும் வரை பார்த்தோம். இடத்தை மட்டும் காலியா வை. அவன் சுவரைப் பார்த்தான், நான் போனைப் பார்த்தேன்.

"என் மிஷினால கஷ்டம்னா மன்னிச்சுக்குங்கண்ணே" என்றான்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வாயைத் திறந்தேன். "பரவாயில்லை" என்று சொன்னேன்.

பரவாயில்லை! நான் அவனை மன்னித்தேன்!

செருப்பு மாட்டும்போது ஒன்று சொன்னான்: "அடுத்த தடவை பெரிய வேலை ஏதாவது வெச்சா, முன்னாடியே பால்கனியிலேர்ந்து ஒரு குரல் கொடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்." அவன் கண் டி.வி. மேசையைத் தாண்டி, அலமாரியிலிருந்த ஹூக்காவில் ஒரு நொடி நின்றது. அதற்குப் பக்கத்தில்தான் கரி பற்றவைக்கிற அந்தக் கரன்ட் காயில் அடுப்பு இருக்கிறது.

ஜூன் 20

எழுதிவிடுகிறேன். இது என் நோட்டு, என் பேனா. இங்கேயும் பொய் சொல்லி யாரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறேன்?

ஜெனரேட்டர் நிற்கவில்லை. பீரங்கி இல்லை, புகை இல்லை, மீன் சந்தை வரைக்கும் இருட்டு இல்லை. வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, பெட்டி வேலை செய்துகொண்டிருந்தது. நான் ஹூக்காவுக்குக் கரி பற்றவைக்கக் காயில் அடுப்பைச் செருகினேன். இந்த ஊரில் பல் முளைக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும், ஐந்து ஆம்பியர் அதைத் தாங்காது. டக் என்று ஒரு சின்னச் சத்தம், கீழே, ஃபவ்ஸியின் ப்ரேக்கர் பெட்டியில். என் ப்ரேக்கர் மட்டும் விழுந்தது.

அப்புறம் என்ன செய்தேன்? எல்லோரும் எப்போதும் செய்கிறதைத்தான். பால்கனிக்கு ஓடிக் கத்தினேன், "ஃபவ்ஸி! தூக்கிவிடு!" அவன் கையில் இருந்த சாண்ட்விச்சை வாயில் கவ்விக்கொண்டு போய், என் ப்ரேக்கரைத் தூக்கிவிட்டு, கட்டைவிரலைக் காட்டினான்.

அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஸல்வா கத்தியபோது தெரியும். முதல் மாடிக்காரர் முகத்தைத் திருப்பியபோது தெரியும். நேற்று என்னிடம் மன்னிப்புக் கேட்டபோதும் தெரியும்.

ஜூன் 22

ஃபவ்ஸியின் போனிலிருந்து பிரதி எடுத்த ஆட்டத்தை லமீஸிடம் கொடுத்தேன். அவள் பார்க்கிற நேரத்தில் என் நாக்கு தயாராக இருந்தது: ராத்திரி பகலாகத் தோண்டி மாமா மீட்டுவிட்டேன் என்று. வாக்கியம் முழுசாக வந்து பல்லில் முட்டியது.

"மாமா, எப்படி?"

"ஃபவ்ஸி கொடுத்தான்."

இதைச் சொன்னதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஸல்வா பார்த்துவிட்டு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "சரி. உடைச்சவனே கொண்டுவந்து ஒட்டியிருக்கான். அதீப் முகத்துக்காக மன்னிச்சுடறேன். பத்திரிகையை நானே எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

உடைச்சவனே. நஜாஹ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஓஹோகூடச் சொல்லவில்லை.

ஜூன் 29

கல்யாணம் நேற்று நடந்தது. விளக்கு அணைத்தார்கள், பறையும் குழலும் நின்றன, திரையில் அதீப் வந்தான். மங்கல்தான், முகம் சில இடத்தில் கட்டம் கட்டமாக உடைந்தது. குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

அப்புறம் வரிசை கட்டினார்கள். லமீஸுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டார்கள். பறை அடிக்கிறது, ஆட்டம் தொடங்கவில்லை. எல்லோரும் அந்த இடத்தையே பார்க்கிறோம். ஸல்வாதான் போய், கடைசி மேசையில் பழைய கோட்டில் உட்கார்ந்திருந்த ஃபவ்ஸியைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"போய் நில்லுடா. உன்னால இப்படிக் கால் தூக்க முடியுமான்னு கேட்டானே, தூக்கிக் காட்டு!"

தூக்கினான். அதீப் அளவுக்கு இல்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல் மாடிக்காரர் பெரிய மனது பண்ணிச் சொன்னார்: "ஏதோ, செஞ்ச தப்புக்குப் பரிகாரம் பண்ணிட்டான். நாமளும் மன்னிச்சுடுவோம், என்ன முன்ஸிர்?"

ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்த ஃபவ்ஸியிடம் அவரே எழுந்து கை கொடுத்தார். இன்னும் இரண்டு பேர் கொடுத்தார்கள். "போனது போகட்டும்ப்பா." ஃபவ்ஸி ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்து "நன்றி" என்றான். பண்ணாத தப்புக்கு நன்றி. என் முறை வந்தபோது நானும் எழுந்தேன். கை வரவில்லை. தட்டிலிருந்த பாதாம் மிட்டாயை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் அதை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்குண்ணே" என்றான்.

ஜூலை 1

சொல்லிவிட்டேன்!

ஜெனரேட்டர் கொட்டகைக்கு நேரே போனேன். ஃபவ்ஸி உள்ளே குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். "ஃபவ்ஸி, உன்கிட்ட ஒரு விஷயம்" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் கை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினான். எனக்காக ஒரு தெருவையே நிறுத்தினான்! அந்த அமைதியில் எல்லாவற்றையும் சொன்னேன். காயில் அடுப்பு, ப்ரேக்கர், பால்கனி, ஒன்று விடாமல். ஆண்பிள்ளை மாதிரி நேராக நின்று சொன்னேன். அவன் கண் கலங்கியது. "எனக்குத் தெரியும்ணே. நீங்களே சொல்லணும்னுதான் காத்திருந்தேன்" என்றான். கட்டிப்பிடித்தான், என் வெள்ளைச் சட்டையில் கறை.

மேலே வந்தேன். மனசு லேசாக இருக்கிறது. இருக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

பெட்டி ஒழுங்காக ஓடுகிறது. பந்தயங்களை எல்லாம் அழித்துவிட்டு இரண்டாவது டிஸ்க்கை அதன் வேலைக்கே விட்டேன். பேட்டரி திரும்பவும் பெட்டிக்கே வந்துவிட்டது. காயில் அடுப்பை நஜாஹ் யாருக்கோ கொடுத்துவிட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, ஏன் என்று அவளும் சொல்லவில்லை.

கட்டடத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் படம் கொண்டுவருகிறார்கள். அண்ணன் தம்பிகளிடமிருந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து கேட்டு வாங்கிய படங்கள். போனைத் துடைத்துத் தரட்டுமா என்று நான் கேட்பதில்லை. "போன்லயும் இருக்கட்டும்" என்கிறேன். முதல் மாடிக்காரர், "ஆமாமா, ஃபவ்ஸி ஜெனரேட்டரை நம்ப முடியுமா" என்று சிரித்தார். நானும் உதட்டை இழுத்தேன். சிரிப்பு மாதிரி இருந்திருக்கும்.

ஆறாம் பதிப்பின் முகத்தை இன்றுதான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். திரையில் அதீப் முகம். தொட்டேன். எங்கெங்கிருந்தோ எழுந்து வருவான் என்று லமீஸிடம் சொன்னேனே. ஒன்றே ஒன்று வந்து நின்றது. மொட்டை மாடி, மங்கல், மூச்சு வாங்கிக்கொண்டு.

முதல் தேதியில் எழுதியதைத் திருத்த வேண்டும். கொட்டகைக்குப் போனது உண்மை. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னதும் உண்மை. ஆனால் ஃபவ்ஸி இயந்திரத்தை நிறுத்தவில்லை. நிறுத்து என்று நானும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று கத்தினால்கூடக் கேட்காத அளவுக்கு அது ஓடிக்கொண்டிருந்தது, நான் மெதுவாகத்தான் பேசினேன். முடித்ததும் அவன் காதைக் காட்டி, "என்ன?" என்று வாயை அசைத்தான்.

ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.